ரசமட்டம் வாங்கிய வீடு

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கி இதுவரை இந்த உலகத்தில் நஷ்டப்பட்ட அத்தனை பேரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று ரசமட்டம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அப்போது அவர் பேரில் எங்கேயும் ஒரு வீடு கிடையாது. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

ரசமட்டம் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. தரையில் டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி ஓடும் அந்த இரண்டடி மட்டக்கோலை இடுப்பை விட்டு இறக்காமல் திரிந்ததால் கருவியின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. டீக்கடை பெஞ்சில் உட்காருமுன் அதை வைத்துப் பார்ப்பார். குமிழி நகர்ந்தால் நின்றபடியே குடிப்பார். "கோணல் பெஞ்சுல உக்காந்தா டீ இனிக்காதாண்ணே?" என்று கடைக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அவர் ஒட்டிக்கொண்டே போக, பின்னாலேயே அவர் மனைவி வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து இடுக்கு அடைத்துக்கொண்டு வருவாள். இருபத்தாறு வருஷமாக இருவரும் ஊரார் வீட்டுத் தரையில் தவழ்ந்துதான் பிழைத்தார்கள். போன வருஷம் அவருடைய இரண்டு முழங்காலும் ஒன்றுகூடிப் பேசி வைத்துக்கொண்டது போல வீங்கின. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் இப்படி முட்டி போட்டீங்கன்னா அப்புறம் எந்திரிக்கவே ஆள் வேணும். வேற வேலை பாத்துக்கோங்க" என்றார், வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்பது போல.

வேறு வேலைக்கு எங்கே போவது? அப்போதுதான் ஒரு லாட்ஜ் ஹாலில் கோட் போட்டவர் ஒருவர் நடத்திய வகுப்புக்குப் போனார். டீ, பிஸ்கட், அஞ்சு பக்கத் தாள் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். பிஸ்கட்டை மனைவிக்குக் கொண்டுவந்தார். தாளில் இருந்ததில் மூன்று விதிகளை மனப்பாடம் செய்துகொண்டார். மிச்சப் பக்கங்களைப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"மொத ரூல்," என்று ஆரம்பித்தார். கட்டி முடியாத கட்டடத்தின் நாலாவது மாடி. ஜன்னல் வைக்காத ஓட்டைகள் வழியாகக் காற்று சிமெண்ட் தூசியை அள்ளி எல்லோர் சோற்றிலும் சமமாகப் போட்டது. "வீட்ட மனசால பாக்கக்கூடாது. 'ஐயோ, இந்த ஜன்னல்ல வெயில் எவ்ளோ அழகா விழுது'ன்னு நெனச்சா முடிஞ்சுது."

"அப்ப வெயில் விழாத வீடாப் பாத்து வாங்குவீங்களாண்ணே?" என்றார் கலவை போடுகிறவர்.

"நடுவுல பேசாத. ரெண்டாவது ரூல். குடி வர்றவங்க நமக்குச் சொந்தக்காரங்க இல்ல. சிரிக்கலாம், சோறு போடக்கூடாது. மூணாவதுதான் முக்கியம். சாவியக் குடுத்த அன்னியோட வீட்டுக்காரன் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாது. எது ஒடஞ்சாலும் போனைப் போடு, ஆளை அனுப்பு. நாமளே சுத்தியத் தூக்கிட்டுப் போனா அது முதலீடு இல்ல, இன்னொரு சைட்டு."

"ஆள் வரலன்னா?" என்றாள் மனைவி, பருப்புச் சோற்றிலிருந்து தூசியை ஒதுக்கிக்கொண்டே.

"வராம?"

"இங்க தண்ணிக்குழாய் மாட்ட அஞ்சு நாளா ஆள் வரல. நாலு மாடி ஏறி நான்தான் குடத்துல தூக்கிட்டு வர்றேன்."

"அது மேஸ்திரியோட பிரச்சனை," என்றார் ரசமட்டம், விதிகளுக்குச் சேதம் வராமல்.

மூன்றாவது விதிக்கு உதாரணமாக அவர் எப்போதும் எடுத்துக்கொள்வது மனைவியின் தம்பியை. பஸ் கண்டக்டர். ஊர் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தான். வாரம் ஆறு நாள் பஸ்ஸில் நின்றுவிட்டு, லீவு நாளில் துணிப்பையில் ஸ்பேனரையும் ஒயர் துண்டையும் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவான். குழாய் மாற்றுவான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவான். "குடியிருக்கறவன் கட்டில்ல படுத்துக்கிட்டு, 'அண்ணே, அப்படியே ஃபேனையும் பாத்துடுங்க'ங்கறான். இவன் ஸ்டூல் மேல ஏறி நிக்கறான். யார்றா வீட்டுக்காரன்? லீவு நாள்ல சம்பளமில்லாத வேலைக்காரன்!" என்று ரசமட்டம் நடித்தே காட்டுவார். சாந்துக் கரண்டியை ஸ்பேனராகப் பிடித்து அவர் ஸ்டூலில் தள்ளாடுவதைப் பார்த்து நாலாவது மாடியே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. தம்பி என்பதால் மட்டுமல்ல.

வீடு கிடைத்தது. நீண்ட சந்தில் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகளில் ஏழாவது. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, குளியலறை. விற்கிறவர் மளிகைக்கடைக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். பார்க்கப் போனபோது கண்டக்டரையும் அக்காள் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கண்டக்டர் உள்ளே நுழைந்ததும் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டான்.

"என்ன மாப்ள, குளிக்கப் போறியா?"

"இல்ல மாமா. அரை மணி நேரம் தண்ணி போகட்டும். எங்க போகுது, எவ்ளோ நேரத்துல போகுதுன்னு பாப்போம். அதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

"வீடு வாங்கறது நாம. பக்கத்து வீட்டுக்காரி எதுக்கு?"

"விக்கறவர் சொல்லாதத அவங்க சொல்லுவாங்க மாமா."

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. ரசமட்டம் அதற்குள் குழாய்களை மூடிவிட்டு மட்டக்கோலைத் தரையில் வைத்துவிட்டார். குமிழி பதறிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. வைத்த இடத்திலெல்லாம் ஓடியது. குளியலறை வாசலிலிருந்து ஹாலுக்குள் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்து, பழைய சிமெண்ட் தரை விரிசல் விட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. தாழ்ந்த குரலில், "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். ஏன் மாமா அங்க மட்டும் பள்ளம்?"

"போட்டவன் அன்னிக்குச் சம்பளம் வாங்கியிருப்பான். குடிச்சுட்டுப் போட்டிருப்பான்."

"இல்ல, வீடு பூரா ஓரளவு ஒழுங்கா இருக்கு. அங்க மட்டும்..."

"டேய், டிக்கெட் கிழிக்கறதப் பத்தி நான் உன்கிட்ட ஏதாவது சொன்னேனா? தரை என்கிட்ட விடு. கெட்ட தரைன்னா வெலை எறங்கும். எறங்கின வெலைக்கு வாங்கி, நம்ம கையாலயே சரி பண்ணி, ஏத்தின வாடகைக்கு விடணும். கோட்டு போட்டவரே தனியாச் சொன்னாரு, 'உங்க தொழில்தான் உங்க பலம்'னு."

"ஒரு மழை பெய்யட்டும் மாமா, மறுபடி வந்து பாப்போம்."

"மழைக்குள்ள வேற எவனாவது வாங்கிடுவான்."

"அப்ப ஆறு மாச வாடகைய மட்டும் ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வெச்சுக்கோங்க. வருஷத்துல ரெண்டு மாசம் வீடு காலியாக் கெடக்கும்னு வெச்சுக் கணக்குப் போடுங்க."

"நான் பன்னெண்டு மாசத்துக்கும் போட்டாச்சு," என்றார் ரசமட்டம். "காலியா விடறதுக்கு எதுக்குடா வீடு வாங்கணும்?"

பள்ளத்தைக் காட்டி அவர் விலையைக் குறைக்கச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் உடனே குறைத்தார். இவ்வளவு சீக்கிரம் ஒருவர் ஒத்துக்கொள்வாரா என்று மனைவிக்கு உறுத்தியது. ரசமட்டத்துக்கு அது தன் பேச்சுத்திறமை என்று பட்டது.

"நாமளே குடி போயிட்டா என்னங்க?" என்று அன்று ராத்திரி கேட்டாள். அவர்களும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். கூரைத் தகரம் மழைக்கு ஒரு பாஷையும் வெயிலுக்கு ஒரு பாஷையும் பேசும் வீடு.

"நாம குடி போனா அது வெறும் வீடு. வாடகைக்கு விட்டாத்தான் வருமானம். அந்த வாடகைதான் வீட்டுக்கடன் தவணையக் கட்டும். மேல நிக்கறது என் முட்டி ஆபரேஷனுக்கு. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அவர் முழங்கால் எந்த நிலைமையில் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். தினமும் ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற கை அவளுடையது. அதனால் மேலே பேசவில்லை.

தரை போட பதினொரு நாள் ஆனது. கம்பெனியே நிறுத்திவிட்ட டைல்ஸ், கடையில் மிச்சம் கிடந்த கடைசிப் பெட்டிகள், ஈர மணல் நிறம், உள்ளே மெல்லிய ரேகைகள். பள்ளத்தில் கல்லும் மணலும் கொட்டி மேலே இரண்டு மூட்டைச் சிமெண்டை நிரப்பி மட்டம் பண்ணினார். நூல் கட்டி, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக உட்காரவைத்தார். ஏழாம் நாளிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து எழுவார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவார். அப்புறம்தான் கால் அவருடையதாகும்.

பதினோராம் நாள் மட்டக்கோலை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. பள்ளம் இருந்த இடத்தில் வைத்து அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான் கடைசித் தரை," என்றார். "இனிமே நான் முட்டி போடறதில்ல. யார் கேட்டாலும்."

"போதுங்க," என்றாள் அவள். அன்றைக்கு அவளும் நம்பினாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கர்ப்பிணி மனைவியோடு குடிவந்தான். மரியாதையான பையன். ஒன்றாம் தேதி விடிவதற்குள் வாடகை வந்து விழும். முட்டிக்குத் தடவும் மருந்தைக்கூடத் தள்ளுபடியில் வாங்கித் தந்தான். இரண்டு மாதம் ரசமட்டம் வேலைக்குப் போகவில்லை. மனைவி மட்டும் வேறு ஒரு மேஸ்திரியிடம் இடுக்கு அடைக்கப் போனாள். அவர் டீக்கடையில் நின்றபடி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வாடகை வீடு பற்றி இலவசமாக ஆலோசனை சொன்னார்.

மூன்றாம் மாதம் போன் வந்தது. குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"சார், ஒண்ணுமில்ல, லேசா ஒரு வாசனை வருது."

"வாசனையா, நாத்தமா?"

"நாத்தம்னு சொல்ல முடியாது சார். ஆனா ஹால்ல உக்காந்து சாப்பிட முடியல. குளியலறைத் தண்ணியும் போக மாட்டேங்குது. முந்தாநாள் மழைக்கு உள்ளயிருந்து மேல வந்துடுச்சு. பாப்பாவ வெச்சுக்கிட்டு... உங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும் சார்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். மன்னிப்புக் கேட்கிறவனை என்ன செய்வது? ரசமட்டம் விதிப்படி நடந்தார். போனைப் போட்டார், ஆளை அனுப்பச் சொன்னார். பிளம்பர் நாளைக்கு என்றார். அந்த நாளைக்கு நாலு நாள் கழித்து வந்தது. போய்ப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதால் கூடப் போனார்.

பிளம்பர் குளியலறையிலிருந்து வாசல் வரைக்கும் சுத்திக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. நின்றார்.

"இங்க முன்னாடி பள்ளம் ஏதாவது இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு."

"அந்தப் பள்ளந்தான் குழாய் போற வழி. பழைய மண் குழாய். அடியில ஒடஞ்சு தண்ணி கசிஞ்சு மண்ணு கரைஞ்சு தரை எறங்கியிருக்கு. வீடு வாயத் தெறந்து சொல்லியிருக்கு. அதத் தோண்டிப் பாக்காம, மேல கல்லக் கொட்டி மூடி, ஒடஞ்ச குழாய முழுசா நசுக்கி வெச்சிருக்கான். யாருண்ணே இந்தத் தரை போட்டது?"

ரசமட்டம் ஜன்னலைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"வேலைக்காரன்தான்," என்று பிளம்பரே தொடர்ந்தார், குனிந்து டைல்ஸ் ஓரத்தைத் தடவியபடி. "கண்ணாடி மாதிரி போட்டிருக்கான். இந்த மாதிரிக் கை இப்பல்லாம் கெடைக்காது. மூளைதான் இல்ல."

"இருக்கும்," என்றார் ரசமட்டம்.

"குளியலறையிலேர்ந்து வாசப்படி வரைக்கும் எடுக்கணும். மிஷின் வெச்சா ஒரு மணி நேரத்துல ஒடச்சுடுவேன். குழாய் மாத்திக் குடுக்கறது என் வேலை. திரும்ப டைல்ஸ் போட நீங்க ஆள் பாத்துக்கோங்க. தெரிஞ்ச ஆள் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காரு," என்றாள் மனைவி.

மிஷின் வைத்தால் டைல்ஸ் அப்பளமாக நொறுங்கும். வேறு டைல்ஸ் வாங்கலாம் என்றால், அந்த நிறம் இனி உலகத்தில் கிடையாது. ஹாலுக்கு நடுவில் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடும். முழுசாக மாற்ற வேண்டுமென்றால் கையில் இருந்ததெல்லாம் பதிவுச் செலவோடு போய்விட்டது. ஒரு வாரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க எல்லா வழியும் அவருடைய முழங்காலில் வந்து முடிந்தது. சரிசெய்யாவிட்டால் குடியிருப்பவன் போய்விடுவான். போனால் தவணையைக் கட்ட அவர் மறுபடி முட்டி போட வேண்டும். சரிசெய்வதென்றாலும், டைல்ஸை உடையாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுக்க முட்டி போட வேண்டும்.

"வித்துடலாம் மாப்ள," என்றார், தேடி வந்த கண்டக்டரிடம். "இப்ப பள்ளமே இல்ல. மேல பாத்தா ராஜ வீடு."

கண்டக்டர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "யார்கிட்ட விப்பீங்க? தரையப் பாத்து வாங்கற ஆள்கிட்டயா?"

"ஏன், அந்த மளிகைக்கடைக்காரன் என்கிட்ட விக்கலயா?"

"வித்தாரு. அதுக்கப்புறம் அவர நீங்க என்னன்னு கூப்பிடறீங்க, சொல்லுங்க. அக்கா இருக்கான்னு பாக்காதீங்க, சொல்லுங்க."

மனைவி வெந்நீர்த் துணியைப் பிழிந்து அவர் முட்டியில் வைத்தாள். அவள் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தாலும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் வேணா லீவு போட்டுட்டு..." என்று கண்டக்டர் ஆரம்பித்தான்.

"உனக்கு டைல்ஸ் உரிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

அந்த வாரமே மருந்துக்கடைத் தம்பி மறுபடி போன் செய்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா நாங்க வேற எடம் பாக்கறதுன்னு இருக்கோம். பாப்பாக்குச் சளி புடிச்சுடுச்சு. இவளாலயும் இப்பப் பெட்டியக் கட்டிக்கிட்டு அலைய முடியாது. எங்களுக்கும் என்ன பண்றதுன்னே தெரியல சார்."

"எனக்கும்தாம்பா," என்றார் ரசமட்டம். விதிகளில் இல்லாத வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகம் மூடிக்கொண்டிருந்தது. சந்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. ரசமட்டம் சிமெண்ட் சாக்கில் உளியையும் சுத்தியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மனைவி ஒரு பழைய ரம்பத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னே வந்தாள். பிளம்பர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எந்த நாளின் பத்து மணி என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மருந்துக்கடைத் தம்பி கதவைத் திறந்து, பதறிப்போனான். "சார், நீங்க எதுக்கு சார்? ஆளை அனுப்பினாப் போதாதா?"

"ஆள்தாம்பா வந்திருக்கு."

"பாப்பா இப்பத்தான் சார் தூங்கினா. ராத்திரி பூரா தூங்கல. ஒரு அஞ்சு நிமிஷம்..." அவன் கெஞ்சும் முகத்தோடு அறைப் பக்கம் பார்த்தான். உள்ளே அவன் மனைவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவாக்கிலேயே கண் அயர்ந்திருந்தாள். மடியில் குழந்தை.

"தூங்கட்டும்," என்றார்.

சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டார். சுவரைப் பிடித்து, மனைவியின் தோளைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கி முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் தூசி என்று சொல்ல அங்கே தூசி இல்லை. தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

உளியை வைத்தார். அடிக்கவில்லை.

சத்தமில்லாத வேலை அவளுடையது. ரம்பத் தகட்டை இடுக்கில் விட்டு, தான் அடைத்த வெள்ளைச் சிமெண்டைத் தானே சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள். அவசரமில்லாமல், ஓரம் பிசிறாமல், அடைத்தபோது காட்டிய அதே கவனத்தோடு. மாவு போல வெள்ளைப் பொடி உதிர்ந்தது. ஒரு டைல்ஸைச் சுற்றி நாலு பக்கமும் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். மருந்துக்கடைத் தம்பி ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, யாரை உட்காரச் சொல்வது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் அவனே அதில் உட்கார்ந்துகொண்டான். வெளியே தூறல் போட ஆரம்பித்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கண்டக்டர்.

"மாமா, எங்க இருக்கீங்க? வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கு."

"ஒரு வேலையா வந்திருக்கேன்," என்றார் அடிக்குரலில்.

"லீவு நாள்லயா?"

கண்டக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அரை மணி நேரத்துல வர்றேன் மாமா. மண்ணு அள்ள எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ரசமட்டம் உளியின் முனையை டைல்ஸ் ஓரத்தில் சரியாகப் பொருத்தி, சுத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அறைப் பக்கம் காதைக் கொடுத்தார். இருபது நிமிஷம் போயிருக்கும். முழங்கால் மரத்து, வலி இடுப்புக்கு ஏறிவிட்டது. எழுந்து உட்கார்ந்துகொள்ளலாம். எழுந்தால் மறுபடி இறங்க முடியாது. குழந்தை தூங்கட்டும் என்றும் இருந்தது, எழுந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

உள்ளே ஒரு தும்மல். ஒரு சிணுங்கல். அப்புறம் வீடே அதிரும்படி அழுகை.

மனைவி தகட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எந்திரிச்சுடுச்சு," என்றாள். "அடிங்க."